முற்றத்தில் பிடித்த பிரேக், மலையில் பிடிக்கவில்லை: ஒரு பிராடோவின் கேரவன் பிரேக் வயரிங் குறித்த நிகழ்வு ஆய்வு

சிட்னியின் மேற்குப் புறநகரில் வசிக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் டொயோட்டா பிராடோ 150, டீசல், தானியங்கி கியர் வண்டி, இரட்டை அச்சுக் கேரவன் ஒன்றை இழுப்பதற்காக ஓராண்டுக்கு முன் வேறொரு பட்டறையில் பிரேக் கன்ட்ரோலர், அதாவது கேரவனின் மின்சாரப் பிரேக்கை வண்டிக்குள்ளிருந்து இயக்கும் கருவி, பொருத்தப்பட்ட நிலையில் என்னிடம் வந்தது. வண்டியின் சொந்தக்காரர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்; நான் அவரை அண்ணை என்றுதான் அழைப்பேன். அவருடைய புகார் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது: “தம்பி, வீட்டு முற்றத்திலை நல்லாத்தான் பிடிக்குது, மலை இறங்கேக்கைதான் பின்னாலை தள்ளிக்கொண்டு வருது.” வுலங்கொங்கை நோக்கி மவுண்ட் ஊஸ்லி சரிவில் இறங்கும்போது கேரவன் வண்டியை முன்னுக்குத் தள்ளுவதை அவர் உணர்ந்திருக்கிறார், கீழே வந்து நின்றபோது பிராடோவின் முன் சக்கரங்களிலிருந்து பிரேக் காயும் வாடை வந்திருக்கிறது.

இதற்குள் இரண்டு பேர் அந்த வண்டியைப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் கேரவனின் நான்கு சக்கரங்களையும் கழற்றி டிரம்களைத் திறந்து பார்த்து, மின்சாரம் பாய்ந்ததும் பிரேக்கை இயக்கும் காந்தங்களும் டிரம்மில் உராயும் ஷூக்களும் தேயவில்லை, ஷூக்களின் இடைவெளியும் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். மற்றவர் கன்ட்ரோலரையே மாற்றச் சொல்லியிருந்தார். புதுக் கன்ட்ரோலர் வாங்கிப் போட்டிருந்தாலும் அதே மலையில் அதே தள்ளல்தான் கிடைத்திருக்கும் என்பதை நான் அளந்து பார்த்த பிறகு உறுதியாகச் சொல்ல முடிந்தது.

சட்டம் கேட்பது

ஆஸ்திரேலிய விதிகளில் எல்லைக்கோடு கேரவன் இழுவண்டியோடு இணைந்திருக்கும்போது அதன் சக்கரங்கள் தாங்கும் எடையை, அதாவது ஜிடிஎம் எனப்படும் எடையை, வைத்தே போடப்படுகிறது. கொக்கியின் மேல் அமரும் பாரம் அதில் சேராது, தனியே நிற்கும் கேரவனின் மொத்த எடையான ஏடிஎம்மில்தான் அது சேரும். ஜிடிஎம் 750 கிலோ வரை கேரவனுக்குப் பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2,000 கிலோ வரை குறைந்தது ஓர் அச்சின் சக்கரங்களில் பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும், அது ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயங்க வேண்டும், கேரவன் பிய்த்துக்கொண்டு போனால் தானாகவே பிடித்து 15 நிமிடங்களாவது பிடித்தபடி இருக்கவும் வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் இதற்கும் மேலாக, அந்த அவசரப் பிரேக்கின் பேட்டரி நிலையை ஓட்டுநர் தன் இடத்திலிருந்தே அறியும் ஏற்பாடு ஒன்றும் தேவை.

அண்ணையின் கேரவன் ஏடிஎம் 2,300 கிலோ. கொக்கிப் பாரம் 180 கிலோ போக, ஜிடிஎம் 2,120 கிலோ. அந்தப் பிராடோவுக்கு 3,000 கிலோ வரை பிரேக் உள்ள டிரெய்லரை இழுக்க அனுமதி உண்டு என்பதால் எடையில் குறையில்லை. நான்கு சக்கரப் பிரேக்கும் அவசரப் பிரேக்கும் கண்காணிப்பு விளக்கும் எல்லாம் இருந்தன. காகிதத்தில் வண்டி தேறிவிட்டது. மின்சாரப் பிரேக்கில் சட்டம் கேட்பது கருவிகள் இருக்கின்றனவா என்பதைத்தான். அந்தக் கருவிகளுக்குப் போதிய மின்னோட்டம் போய்ச் சேருகிறதா என்பதை எந்தப் பெயர்த்தகடும் சொல்லாது.

சுற்றின் அமைப்பு

டாஷ்போர்டுக்கு அடியில் அமரும் கன்ட்ரோலருக்கு நான்கு வயர்கள்தாம். கறுப்பு, பேட்டரியின் நேர்முனையிலிருந்து வருகிறது. வெள்ளை, எர்த், அதாவது பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும் பாதை. சிவப்பு, பிரேக் மிதியை அழுத்தும்போது மட்டும் 12 வோல்ட் வரும் பிரேக் விளக்கு வயரிலிருந்து எடுக்கப்படுகிறது. நீலம், கேரவனின் காந்தங்களுக்குப் போகிறது. ஆஸ்திரேலியத் தட்டை பிளக்கில் நீலம் 5ஆம் பின், வெள்ளை எர்த் 3ஆம் பின். 12 பின் பிளக்கிலும் மேல்வரிசை 7 பின்களுக்கு இதே ஒழுங்குதான்.

மிதியை அழுத்தியதும் கன்ட்ரோலர் தன்னுள் இருக்கும் முடுக்கமானியைப் பார்த்து, வண்டி எவ்வளவு வேகமாக நிற்க முயல்கிறதோ அந்த அளவுக்குக் காந்தங்களுக்கு மின்சாரத்தை அனுப்புகிறது. அனுப்பும் முறை, மின்னழுத்தத்தைத் தாழ்த்துவது அன்று. முழு 12 வோல்ட்டை மிக விரைவாகத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புவது. ஆகவே பாதி பிரேக்கில் மல்டிமீட்டரை வைத்து அளந்தால் அது காட்டும் எண்ணை நம்பக் கூடாது. கன்ட்ரோலரின் குமிழ், திருப்பினால் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும், அழுத்தினால் கேரவனை மட்டும் பிடிக்கும்; அளவீடுகள் அனைத்தையும் அதை முழு அளவுக்குத் திருப்பி, அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும்.

காந்தம் ஒவ்வொன்றின் மின்தடை சுமார் 3.2 ஓம். நான்கும் பக்க இணைப்பில் இருப்பதால் மொத்தம் 0.8 ஓம். பிளக்கைக் கழற்றி, கேரவன் பக்கத்தில் 5ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் இடையே அளந்தேன். வயரின் தடையும் சேர்ந்து 0.9க்கு மேல் ஒரு துளி காட்டியது. ஒரு காந்தம் அறுந்திருந்தால் மூன்று காந்தங்களின் 1.07 ஓமே அடிக்கணக்காக இருந்திருக்கும். ஆகக் காந்தங்கள் நான்கும் உயிரோடு இருந்தன; முதலில் பார்த்தவர் சொன்னது சரிதான்.

0.8 ஓம் என்பது மிகச் சிறிய எண். வழியில் எங்கேனும் 0.1 ஓம் தடை புகுந்தாலும் அது சுமையின் எட்டில் ஒரு பங்கு. வீட்டு விளக்குக்கு இழுத்த வயரில் யாரும் கவலைப்படாத தடை, இங்கே பிரேக்கின் பலத்தைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு, சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு முனை வயர்களுக்கே 0.2 ஓம் வரை தடை இருக்கும். ஆகவே ஓம்மீட்டரை எர்த் இணைப்பின் இருபுறமும் வைத்து “நன்றாக இருக்கிறது” என்று முடிவு செய்வது, அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் குங்குமப்பூவை நிறுப்பது போன்றது. மின்னோட்டம் முழுமையாக ஓடும்போது ஒவ்வொரு துண்டிலும் எத்தனை வோல்ட் இழக்கப்படுகிறது என்று அளப்பதே நம்பத்தக்க வழி.

அளந்தது

என் பெட்டியில் பத்து மீட்டர் மெல்லிய வயர் சுருள் ஒன்று எப்போதும் கிடக்கும். அதன் ஒரு முனையைப் பேட்டரி எதிர்முனையில் மாட்டிவிட்டு மறு முனையை வண்டியின் பின்புறம் வரை இழுத்து வந்தால், பின்னால் நின்றுகொண்டே முன்னாலுள்ள பேட்டரியோடு ஒப்பிட்டு அளக்கலாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பேட்டரியில் 13.8 வோல்ட். அண்ணை உள்ளே அமர்ந்து குமிழை முழு அளவில் அழுத்திப் பிடித்தார்.

காந்தத்தின் வாயிலில் வந்தது 9.4 வோல்ட். நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை நீல வயரில் மாட்டியபோது 11.8 ஆம்பியர். இழப்பே இல்லாத கற்பனைச் சுற்றில் 17 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். காணாமற்போன 4.4 வோல்ட்டைத் தேடிப் போனேன். பேட்டரியிலிருந்து கன்ட்ரோலர் வரை 0.5 வோல்ட், கன்ட்ரோலரிலிருந்து பின்புறப் பிளக் வரை நீல வயரில் 1.1 வோல்ட், பிளக்கின் எர்த் பின்னிலிருந்து பேட்டரி எதிர்முனை வரை 1.2 வோல்ட்; கேரவனுக்குள் நீலத்தில் 0.8, வெள்ளையில் 0.8.

நீல வயரை விளிம்புப் பட்டியைக் கழற்றிப் பார்த்தேன். “3 மிமீ” ஆட்டோ கேபிள். இங்கேதான் இந்த நாட்டில் பலரும் வழுக்குகிறார்கள். ஆட்டோ கேபிள் சுருளில் அச்சிட்டிருக்கும் மில்லிமீட்டர், பிளாஸ்டிக் உறையையும் சேர்த்த வெளிவிட்டத்தையே குறிக்கிறது. செம்பின் அளவை அன்று. 3 மிமீ கேபிளுக்குள் இருக்கும் செம்பு ஏறத்தாழ 1.13 சதுர மில்லிமீட்டர் மட்டுமே. 4 மிமீ கேபிளில் 1.84, 5 மிமீயில் 2.9, 6 மிமீயில் 4.59. கட்டட வயரிங்கில் பழகிய ஒருவர் சதுர மில்லிமீட்டரில் எண்ணிக்கொண்டு “3” என்று வாங்கினால், எண்ணியதில் மூன்றில் ஒரு பங்குச் செம்புதான் அவர் கைக்கு வருகிறது. 1.13 சதுர மில்லிமீட்டரில் 6 மீட்டர் ஓடினால் தடை 0.09 ஓம், 11.8 ஆம்பியரில் பெருக்கினால் அந்த 1.1 வோல்ட் அப்படியே வந்து நிற்கிறது. கணக்கும் மீட்டரும் ஒத்துப்போனதால் அந்தத் துண்டில் வேறு கோளாறு இல்லை என்று அதைத் தள்ளிவைத்தேன். முந்தைய வேலையைச் செய்தவர் சோம்பேறி என்று நான் நினைக்கவில்லை. வயர்கள் நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்தன, ரப்பர் வளையங்கள் வழியாகத்தான் உலோகத்தைக் கடந்திருந்தன. அவர் ஏமாந்தது சுருளின் மேலிருந்த எண்ணில்.

எர்த்தில் கிடைத்த 1.2 வோல்ட் இழப்புக்கு அந்தச் சமாதானம் பொருந்தவில்லை. வெள்ளை வயர் பிளக்கிலிருந்து ஒரு மீட்டர்கூட ஓடவில்லை. அந்த நீளத்துக்கு 0.2 வோல்ட் போயிருந்தாலே அதிகம். ஆனாலும், வண்டிப் பக்கமும் கேரவன் பக்கமும் சேர்த்துப் பார்த்தபோதும், 9.4 வோல்ட் என்பது மந்தமான பிரேக்கே தவிர, அண்ணை விவரித்த அளவுக்குத் தள்ளும் பிரேக் அன்று. முற்றத்தில் பிடிக்கிறது என்று அவர் சொன்னதும் உண்மைதான். மலையில் வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும்.

மகள் கண்டது

துப்பு அண்ணையின் மகளிடமிருந்து வந்தது. கடந்த பயணத்தில் அவர் தன் காரில் பின்தொடர்ந்து வந்திருக்கிறார்; அப்பா பிரேக் போடும்போதெல்லாம் கேரவனின் வால் விளக்குகள் மங்கியதைக் கவனித்து, விளக்குக் கோளாறு என்று நினைத்துச் சொல்லாமல் விட்டிருக்கிறார். கேரவன் பழையது, விளக்குகள் எல்ஈடி அல்ல, இழை பல்புகள். பிரேக் விளக்கு எரியும்போது வால் விளக்கு மங்கினால் அந்த இரண்டுக்கும் பொதுவான ஒரே உறுப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், அது எர்த்.

“அண்ணை, ஓடும்போது ஃப்ரிட்ஜ் எதில் ஓடுகிறது?” என்று கேட்டேன். கேஸ், 240 வோல்ட், 12 வோல்ட் மூன்றிலும் இயங்கும் ஃப்ரிட்ஜ் அது. முற்றத்தில் வீட்டு மின்சாரத்தில் ஓடும். சாலையில் கேஸை அணைத்துவிட்டு 12 வோல்ட்டுக்கு மாற்றுவார்கள். அந்த வகை ஃப்ரிட்ஜுக்குள் இருப்பது கம்ப்ரசர் அன்று, சூடேற்றும் சுருள்; அது ஓயாமல் பன்னிரண்டு ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். அதன் நேர்முனைக்குத் தனி வயர் கொடுத்திருந்தார்கள். எதிர்முனையைப் பிளக்கைத் தாண்டியதும் பிரேக்கின் எர்த்தோடு ஒரே கண்ணியில், அதாவது வயரின் நுனியில் கடித்த உலோக வளையத்தில், சேர்த்துத் திருகியிருந்தார்கள்.

ஃப்ரிட்ஜை 12 வோல்ட்டில் போட்டு மறுபடி அளந்தேன். பிளக்கின் எர்த் பின்னில் இழப்பு 1.2இலிருந்து 2.3 வோல்ட்டாக ஏறியது. காந்தத்தில் 8.6 வோல்ட். நீல வயரில் 10.8 ஆம்பியர்.

வண்டிக்கு அடியில் படுத்து அந்தக் கண்ணியைப் பார்த்தேன். கொக்கியைத் தாங்கும் இரும்புச் சட்டமான டவ்பாரின் பக்கத் தகட்டில், பவுடர் பூச்சின் மேலேயே, தானே துளைத்துக்கொண்டு போகும் திருகு ஒன்றால் பிடிக்கப்பட்டிருந்தது. உலோகத்தோடு தொடர்பு திருகின் புரிகள் வழியாக மட்டும்தான்; அந்தத் தகடும் பூச்சு பூசிய பரப்புகளுக்கு இடையே போல்ட் போட்டுச் சட்டகத்தில் நிற்கிறது. திருகைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி. கண்ணியை ஒட்டிய இரண்டு சென்டிமீட்டர் உறை வெள்ளை நிறத்தை இழந்து, வறுத்த முந்திரியின் நிறத்துக்கு வந்து, நகத்தால் தட்டினால் சத்தம் எழும் அளவுக்கு இறுகிப்போயிருந்தது. ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடும்போதே அந்த 0.1 ஓம் பாதை 14 வாட் வெப்பத்தை உமிழ்ந்திருக்கிறது. அதில் பெரும்பங்கு சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஓரிடத்தில், மணிக்கணக்காக. சூடு துருவை வளர்க்கும், துரு தடையை வளர்க்கும், தடை மீண்டும் சூட்டை வளர்க்கும். போன ஆண்டு பொருத்திய நாளில் இந்த இணைப்பு இவ்வளவு மோசமாக இருந்திருக்காது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இப்படி எர்த் கெட்ட வண்டிகளில் மின்சாரம் சும்மா இருப்பதில்லை. கொக்கிக் குண்டு வழியாகவும் பாதுகாப்புச் சங்கிலி வழியாகவும் வேறு பாதை தேடும். குண்டில் கிரீஸ் பூசிய நாளில் பிரேக் ஒரு மாதிரியும், காய்ந்த நாளில் வேறு மாதிரியும் பிடிக்கும். “சில நாள் நல்லாயிருக்கு, சில நாள் இல்லை” என்ற புகாரைக் கேட்டு ஓட்டுநரைக் குறைசொல்லும் முன் எர்த்தைப் பார்ப்பது நல்லது.

செய்த வேலை

கறுப்பையும் நீலத்தையும் 6 மிமீ ஆட்டோ கேபிளுக்கு மாற்றினேன். பேட்டரிக்கு அருகே, தானாக மீளும் 30 ஆம்பியர் பிரேக்கர் ஒன்றை வைத்தேன். ஃபியூஸ் போட்டால் ஒருமுறை எரிந்ததும் கேரவனுக்குப் பிரேக்கே இல்லாமல் போய்விடும் என்பதால் இந்தச் சுற்றில் ஃபியூஸை நான் விரும்புவதில்லை. எர்த்தை டவ்பாரிலிருந்து விலக்கி, சட்டகத்தில் பூச்சைச் சுரண்டிப் பளபளக்கும் உலோகத்தில், பல் வாஷரும் 8 மிமீ போல்ட்டும் கொண்டு இறுக்கி, மேலே துருத்தடுப்புப் பூச்சு கொடுத்தேன். ஃப்ரிட்ஜைப் பிரேக்கிடமிருந்து முற்றிலும் பிரித்தேன்: பேட்டரியிலிருந்து 8 பி அண்ட் எஸ் இரட்டைக் கேபிள், அதாவது ஏறத்தாழ 7.9 சதுர மில்லிமீட்டர், நேர்முனையும் எதிர்முனையும் தனித்தனியாக, தன் பிரேக்கரோடு, டவ்பார் அருகே, அதிக மின்னோட்டம் தாங்கும் சாம்பல் நிற ஆண்டர்சன் பிளக்கில் முடிகிறது.

சிவப்பு வயரைப் பிரேக் விளக்கு வயரோடு நீலநிறக் கடிப்பான் ஒன்றால் கடித்து இணைத்திருந்தார்கள். அதன் கத்தி, கார் வயரின் இழைகளில் சிலவற்றை அறுத்திருந்தது. அதை எடுத்துவிட்டு முறையாகக் கிரிம்ப் செய்து வெப்பச் சுருங்கு உறை போட்டேன். பிரேக் மிதியின் சுவிட்சிலேயே இந்த வயரை எடுப்பது பலருடைய வழக்கம். ஆனால் முன்வண்டியைப் பார்த்துத் தானே பிரேக் போடும் குரூஸ் கன்ட்ரோல் உள்ள வண்டிகளில், மிதியைத் தொடாமலே பிரேக் விளக்கை எரிப்பது கணினி. அத்தகைய வண்டியில் மிதிச் சுவிட்சை நம்பினால், குரூஸ் பிரேக் போடும்போது கேரவனுக்குச் செய்தி போகாமல் இருக்கலாம். விளக்குக்குப் போகும் வயரிலேயே எடுப்பதுதான் பாதுகாப்பானது.

குமிழ் இருந்த இடத்தில் கை வைக்கவில்லை. வண்டியோடு வந்த வெற்றுச் சுவிட்ச் மூடியில், ஓட்டுநரின் கைக்கு எட்டும்படியும் முழங்கால் ஏர்பேக் விரியும் பகுதிக்கு வெளியிலும் அது சரியாகவே அமைந்திருந்தது.

வண்டிப் பக்க வேலை முடிந்ததும் அதே 13.8 வோல்ட்டில் மறுபடி அளந்தோம். காந்தத்தில் 11.3 வோல்ட், நீல வயரில் 14.2 ஆம்பியர். ஃப்ரிட்ஜை 12 வோல்ட்டில் போட்டாலும் எண்கள் அசையவில்லை. மீதி இழப்பில் பெரும்பகுதி கேரவனுக்குள் தொழிற்சாலை இழுத்த 4 மிமீ கேபிளில் இருந்தது. அதை மாற்றுவதா என்று அண்ணையிடமே விட்டேன். அவர் அடுத்த மாதம் என்றார்.

அவசரப் பிரேக்கைப் பிளக்கைக் கழற்றிய பிறகே சோதித்தேன். இழுவண்டியோடு பிளக் மாட்டியிருக்கும்போது கேரவன் பிய்த்துக்கொண்டால் கழன்று அவசரப் பிரேக்கை இயக்கும் ஊசியைப் பிடுங்கினால் கேரவனின் சிறு பேட்டரி நீல வயர் வழியாகக் கன்ட்ரோலருக்குள் பின்னோக்கிப் பாய்ந்து அதைக் கெடுக்கக் கூடும். அந்தப் பேட்டரி 7 ஆம்பியர் மணி உடையது. நான்கு காந்தங்கள் 15 ஆம்பியர் வீதம் 15 நிமிடம் இழுத்தால் தேவை 3.75 ஆம்பியர் மணி. காகிதத்தில் தாராளம் போலத் தெரியும். ஆனால் ஈயப் பேட்டரியை இவ்வளவு வேகமாக வடித்தால் அதன் பெயரளவுக் கொள்ளளவில் பாதியளவுதான் கிடைக்கும் என்பதால், வயதான பேட்டரிக்கு அந்தக் கால்மணி நேரம் எளிதன்று. ஐந்தாண்டு பழைய பேட்டரியை மாற்றச் சொன்னேன், மாற்றினார்.

குமிழின் புதிய இடம்

வயரிங் சரியான பின் உடனே சாலைக்குப் போவதில் ஓர் ஆபத்து உண்டு. பலவீனமான பிரேக்கை ஈடுகட்ட அண்ணை ஓராண்டாகக் குமிழை 9இல் வைத்து ஓட்டிப் பழகியிருந்தார். அதே 9இல் புதிய வயரிங்கோடு கிளம்பியிருந்தால் முதல் சிவப்பு விளக்கிலேயே கேரவனின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டிருக்கும். முதலில் 3க்குக் குறைத்துவிட்டு, ஞாயிறு காலை ஆளில்லாத தொழிற்பேட்டைத் தெருவில், சமதளத் தார்ச்சாலையில், 30 கிலோமீட்டர் வேகத்தில் மிதியைத் தொடாமல் குமிழை மட்டும் அழுத்தி, ஒவ்வொரு முறையும் அரை அலகு ஏற்றினோம். நான் வெளியே நின்று சக்கரங்களைப் பார்த்தேன். ஆறரையில் இடப்பக்கப் பின்சக்கரம் ஒரு கணம் உராய்ந்து கறுப்புக் கோடு போட்டது. ஆறுக்கு இறக்கினோம். தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்த நாள் அது. தொட்டி நிரம்பி, சாமான் ஏறியதும் அரை அலகு கூட்டலாம், மழையில் குறைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் கியாமாவுக்குப் போய்வந்த பின் தொலைபேசியில் பேசினார். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்க மவுண்ட் ஊஸ்லியில் இறங்கியபோது வண்டி இழுத்துப் பிடித்தபடி வந்ததாம். மகளும் பின்னால் வந்து வால் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம், மங்கவில்லையாம். மறு மாதம் சொன்னபடியே கேரவனைக் கொண்டுவந்தார். உள்ளே 6 மிமீ கேபிள் இழுத்தபின் காந்தத்தில் 12.3 வோல்ட் வந்தது, குமிழ் ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கியது.